20 பாகை வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

குளிர்காலத்தில் லண்டன் வீடொன்றின் வரவேற்பறைக்கு 20 அல்லது 21 பாகை செல்சியஸ் வெப்பநிலை போதும். அதைத் தருவதற்காகச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் பாய்லருக்குள் ஆயிரம் பாகையை வெகுவாகத் தாண்டிய எரிவாயுச் சுடர் எரிகிறது. அந்தச் சுடர் தண்ணீரை 70 அல்லது 75 பாகைக்குச் சூடாக்குகிறது. அந்தத் தண்ணீர் ரேடியேட்டர்களில் ஓடி, தன் சூட்டை இழந்து, கடைசியில் அறைக்காற்றின் இருபது பாகையில் வந்து அடங்குகிறது. கட்டடங்களுக்கான வெப்ப ஏற்பாடுகளை வடிவமைக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, இந்த நாட்டின் எரிசக்திச் சிக்கலில் பெரும் பங்கு இந்த இடைவெளிக்குள்ளேயே கிடக்கிறது என்ற எண்ணம் ஆண்டுக்கு ஆண்டு வலுத்து வருகிறது.

வெப்பத்தை நாம் அளவால் மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். கட்டணச் சீட்டில் இத்தனை கிலோவாட் மணி என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அது சுடரின் வெப்பமா, வெதுவெதுப்பான நீரின் வெப்பமா என்று சீட்டு சொல்வதில்லை. ஆனால் இயற்பியல் அந்த வேறுபாட்டை மறப்பதில்லை. வெளியே 0 பாகையும் உள்ளே 20 பாகையும் இருக்கும் ஒரு நாளில், அறையில் இருக்கும் வெப்பத்தின் 100 பங்கில் இயந்திர வேலையாகவோ மின்சாரமாகவோ மாற்றக்கூடியது, மிகச் சிறந்த இயந்திரத்தாலும், 7 பங்கைத் தாண்டாது. சுடரின் வெப்பத்திலிருந்தோ அதைப்போலப் பல மடங்கு வேலையை எடுக்கலாம். மின்சாரம் முழுவதும் வேலையாகவே மாறக்கூடியது. அப்படியிருக்க, 2 கிலோவாட் மின்விசிறி ஹீட்டரைச் செருகி அறையைச் சூடாக்கும்போது, 100 பங்கு மதிப்புள்ள ஒன்றைக் கொடுத்து 7 பங்கு மதிப்புள்ள ஒன்றை வாங்குகிறோம். ஹீட்டரின் பெட்டியில் நூறு சதவீதத் திறன் என்று எழுதியிருப்பது பொய்யல்ல. ஆயினும் அது கேட்க வேண்டிய கேள்விக்கான விடையும் அல்ல.

வீட்டுக்குத் தேவைப்படுவது தரம் குறைந்த வெப்பம் என்றால், தரம் குறைந்த வெப்பத்தையே தேடிப் போவதுதான் முறை. அது நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது. ஆற்றுநீரில், நிலத்தடியில், கழிவுநீர்க் குழாயில், கைவிடப்பட்ட சுரங்கத்தில் தேங்கிய நீரில், கணினி மையங்களின் (இணையத் தரவுகளைச் சேமித்து இயக்கும் டேட்டா சென்டர்களின்) கூரையிலிருந்து வெளியேறும் காற்றில் 8 பாகையிலும் 15 பாகையிலும் 30 பாகையிலும் வெப்பம் இருக்கிறது. அதைத் தேவையான சூட்டுக்கு உயர்த்தும் கருவிதான் ஹீட் பம்ப். கிணற்றிலிருந்து நீர் இறைப்பதைப் போன்றது அதன் வேலை: எவ்வளவு நீர் இறைக்கிறோம் என்பதோடு, எவ்வளவு ஆழத்திலிருந்து எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறோம் என்பதும் மின்செலவைத் தீர்மானிக்கும். நீர்மட்டம் மேலே இருந்தால் செலவு குறையும். கொட்டவேண்டிய தொட்டியைக் கீழே இறக்கி வைத்தாலும் செலவு குறையும். இந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் போதிய அளவு பேசப்படுவதில்லை.

எண்களில் பார்த்தால் இது தெளிவாகும். வெளியே 0 பாகை இருக்கும்போது, 35 பாகை நீரைத் தரும் ஹீட் பம்ப் ஒரு பங்கு மின்சாரத்துக்குக் கோட்பாட்டளவில் 8.8 பங்கு வெப்பம் தரலாம். 55 பாகை நீர் கேட்டால் அந்த உச்சம் 6 ஆகக் குறைகிறது. 75 பாகை கேட்டால் 4.6 ஆகிவிடுகிறது. நடைமுறையில் நல்ல இயந்திரங்கள் இந்த உச்சத்தில் ஏறத்தாழப் பாதியை எட்டும். ஆகவே அதே இயந்திரம், அதே குளிர்நாளில், 35 பாகைக்கு நான்கு பங்கைச் சற்றே தாண்டியும், 75 பாகைக்கு இரண்டு பங்கைச் சற்றே தாண்டியும் தருகிறது. பிரித்தானியாவில் மின்சாரத்தின் ஓர் அலகு எரிவாயுவின் ஓர் அலகைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. எரிவாயு பாய்லரின் திறன் 90 சதவீதம் என்று கொண்டால், ஹீட் பம்ப் வைத்திருப்பவர் அதே செலவில் வீட்டைச் சூடாக்க அவருக்கு ஆண்டுச் சராசரியாக 3.6 பங்கு கிடைத்தாக வேண்டும். 40 பாகை நீரில் சூடாகும் வீட்டில் அந்த எல்லையை எட்டலாம், தாண்டவும் செய்யலாம். 65 பாகை கேட்கும் வீட்டில் அது பெரும்பாலும் நடக்காது. குழாயில் ஓடும் நீரின் வெப்பநிலை பொறியாளர்களின் நுணுக்கம் அல்ல, மாதச் செலவைத் தீர்மானிக்கும் எண் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

லண்டனிலேயே இதற்கு ஓர் அரிய சான்று இருக்கிறது. ஏஞ்சல் நிலையத்துக்கும் ஓல்ட் ஸ்ட்ரீட் நிலையத்துக்கும் நடுவில், பாதாள ரயிலின் நார்தர்ன் லைனில் சிட்டி ரோடு என்று ஒரு நிலையம் 1901இல் திறக்கப்பட்டு, போதிய பயணிகள் இல்லாமல் 1922இல் மூடப்பட்டது. அதன் பழைய செங்குத்துக் குழி, ரயில் சுரங்கத்துக்குக் காற்றோட்டம் தரும் வழியாக மட்டும் எஞ்சியிருந்தது. 2020இல் இஸ்லிங்டன் நகரசபை அந்தக் குழியின் மேல், சென்ட்ரல் ஸ்ட்ரீட்டில், பன்ஹில் வெப்ப வலையமைப்பின் இரண்டாம் ஆற்றல் மையத்தைத் திறந்தது. சுரங்கத்திலிருந்து பெரிய விசிறியொன்று இழுத்துவரும் காற்று, பருவத்துக்கு ஏற்ப 18 முதல் 28 பாகை வரை இருக்கும். அந்தக் காற்று நீர்ச்சுருள்களின் மேல் பாய்ந்து தன் வெப்பத்தை நீரிடம் விட்டுச் செல்கிறது. அந்த நீர் ஏறத்தாழ ஒரு மெகாவாட் ஆற்றலுள்ள அம்மோனியா ஹீட் பம்புக்குப் போகிறது. அங்கிருந்து வெந்நீராகத் தெருக்களின் அடியில் ஓடி வீடுகளையும் இரண்டு உடற்பயிற்சி நிலையங்களையும் ஒரு தொடக்கப் பள்ளியையும் அடைகிறது. முன்பே இருந்த முதல் மையத்தோடு சேர்த்து, 1,300க்கும் மேற்பட்ட வீடுகள் இந்த வலையமைப்பில் இணைக்கப்பட்டுள்ளன.

அந்தச் சுரங்கக் காற்று ஏன் அவ்வளவு சூடாக இருக்கிறது என்பது தனியாகச் சொல்ல வேண்டிய கதை. சுரங்கங்கள் தோண்டப்பட்ட காலத்தில் லண்டனின் களிமண் ஏறத்தாழ 14 பாகையில் இருந்தது. வெக்கையான நாளில் குளுமை தேடிப் பாதாள ரயிலுக்கு வாருங்கள் என்று அந்நாளில் விளம்பரமே செய்தார்கள். அதன்பின் நூற்றாண்டுக்கும் மேலாக ரயில்கள் ஓடின. ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் ரயிலின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக மாறி, காற்றுக்கும் சுவருக்கும் போனது. களிமண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. வாங்கியதைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இன்று சுரங்கங்களைச் சுற்றியுள்ள களிமண் 19 முதல் 26 பாகை வரை சூடேறியிருக்கிறது. பயணிகள் கோடையில் வியர்த்து வழிவதற்குக் காரணமான அதே வெப்பம்தான், மார்கழி மாதத்தில் மேலே இருக்கும் குடியிருப்பில் குழந்தைகளுக்குக் கதகதப்பைத் தருகிறது. பன்ஹில் விசிறியின் திசையை மாற்றவும் முடியும் என்பதால், கோடையில் அது வெளிக்காற்றைச் சுரங்கத்துக்குள் அனுப்பி வெக்கையையும் சற்றுத் தணிக்கிறது.

அந்தக் கட்டடத்தின் பக்கமாக நடந்து போகிறவர்களில் பலர் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். அடர் சிவப்புத் தகடுகள் பதித்த, புகைபோக்கியில் புகை தெரியாத, தெருவோரத்துச் சிறிய கட்டடம் அது. ஆனால் உள்ளே நடப்பது எளிய வேலை அல்ல. சுரங்கக் காற்றில் சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் உரசிய நுண்ணிய இரும்புத் தூசு கலந்திருக்கும். சுருள்களில் அது படிந்தால் வெப்பம் கடக்காது. அம்மோனியா நச்சு வாயு; கசிவைக் கண்டறியும் ஏற்பாடும் காற்றோட்டமும் கண்டிப்பாக வேண்டும். ஆயினும் அம்மோனியாவால் புவி வெப்பமாதல் இல்லை, உயர் வெப்பநிலையிலும் அது திறனோடு இயங்கும் என்பதால், பெரிய இயந்திரங்களுக்கு அதைத் தேர்ந்தெடுப்பது சரியானது என்றே நான் கருதுகிறேன்.

இதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. பன்ஹிலில் அந்த வெப்பத்தை 75 முதல் 80 பாகை வரை உயர்த்த வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இணைக்கப்பட்ட பழைய நகரசபைக் குடியிருப்புகளின் உட்குழாய்களும் ரேடியேட்டர்களும் சூடான நீரை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. 20 பாகையிலிருந்து 80 பாகைக்கு ஏற்றுவதற்குப் பதிலாக 55 பாகைக்கு ஏற்றினால் போதும் என்றிருந்தால், அதே வெப்பத்துக்கு ஆகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும். சுரங்கத்தில் செய்த அரிய வேலையின் பலனில் ஒரு பகுதியைப் படுக்கையறைச் சுவரில் இருக்கும் பழைய ரேடியேட்டர் விழுங்கிவிடுகிறது.

இந்த எண்ணங்கள் எதுவும் புதியவை அல்ல. தேம்ஸ் கரையில் பேட்டர்சீ மின்நிலையம் ஆற்றில் கொட்ட வேண்டியிருந்த வெப்பத்தை, 1950 முதல் ஆற்றின் அடியாகக் குழாய்களில் கொண்டுபோய் எதிர்க்கரையில் பிம்லிக்கோவின் சர்ச்சில் கார்டன்ஸ் குடியிருப்புக்குக் கொடுத்தார்கள். சூட்டைச் சேமித்து வைப்பதற்காக எழுப்பிய உயரமான கோபுரத் தொட்டி இன்றும் அங்கே நிற்கிறது. மின்நிலையம் 1983இல் மூடப்பட்ட பிறகும் வலையமைப்பு வேறு எரிபொருளில் தொடர்ந்து இயங்குகிறது. 1951இல் திறக்கப்பட்ட ராயல் பெஸ்டிவல் ஹாலுக்கு, தேம்ஸ் நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் ஒன்றைச் சோதனையாகப் பொருத்தினார்கள். சூரிச் நகர மண்டபத்தில் லிம்மாட் ஆற்றுநீரைக் கொண்டு 1938லேயே ஹீட் பம்ப் ஓடத் தொடங்கிவிட்டது. நிலக்கரியும் பிறகு வட கடல் எரிவாயுவும் மலிவாகக் கிடைத்த காலத்தில் இந்த அறிவு பிரித்தானியாவில் ஓரங்கட்டப்பட்டது. டென்மார்க் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வேறு வழியில் சென்றது. அங்கே இன்று மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் பொது வெப்பக் குழாய்களில் இணைந்திருக்கின்றன, குழாய் நீரின் வெப்பநிலையையும் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே கேட்ஸ்ஹெட்டில், நூற்றைம்பது மீட்டர் ஆழம் வரையிலான பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் நிரம்பிய 15 பாகை நீரைக் கொண்டு 6 மெகாவாட் ஹீட் பம்ப் 2023 முதல் இயங்குகிறது. நிலக்கரி தோண்டிய குழிகளே நிலக்கரிக்கு மாற்றாகின்றன என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். ரேடியேட்டர்களின் ஆற்றல் பொதுவாக 75 பாகையில் நீர் உள்ளே போய் 65 பாகையில் வெளியே வருவதாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அதாவது அறையை விட ரேடியேட்டர் சராசரியாக 50 பாகை அதிகச் சூடு. அந்த வேறுபாட்டை 30 பாகையாகக் குறைத்தால் ரேடியேட்டர் தரும் வெப்பம் பாதியாகிவிடும். எனவே அதே வெப்பத்துக்கு இரு மடங்கு பரப்பு வேண்டும். ஒற்றைத் தகட்டு ரேடியேட்டரைக் கழற்றி, அதே நீள அகலத்தில் இரட்டைத் தகடும் நடுவே மடிப்புத் தகடுகளும் உள்ளதைப் பொருத்தினால் பெரும்பாலான அறைகளில் இது நிறைவேறிவிடும். தரையடிக் குழாய்கள் போட வசதியிருந்தால் 35 பாகை நீரே போதும். இங்கிலாந்தின் கட்டட விதிகளும் 2022 ஜூன் முதல், புதிதாகப் போடப்படும் வெந்நீர் வெப்ப ஏற்பாடுகள் 55 பாகைக்கு மேற்படாத நீருக்கு வடிவமைக்கப்பட வேண்டும் என்று கேட்கின்றன. இந்த ஒரு வரி, பல மானியத் திட்டங்களை விடப் பெரிய மாற்றத்துக்கு வழி செய்யும் என்பது என் கணிப்பு. அதற்கு முன்பாக, பரணில் 270 மில்லிமீட்டர் வெப்பக்காப்புக் கம்பளியும் சுவர் இடைவெளியில் வெப்பக்காப்பு நிரப்பலும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்; வெப்பம் கசியாத வீட்டுக்குச் சிறிய ரேடியேட்டரே போதும்.

தொழில்நுட்பத்தை விடக் கடினமானது பழக்கம். ஹீட் பம்ப் பொருத்திய வீடொன்றில், அந்த வீட்டுப் பெரியம்மா ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது சுடவே இல்லையே, பழுதாய்ப் போச்சோ?” என்று என்னிடம் கேட்டார். நம் கையின் தோலே 32, 33 பாகையில் இருப்பதால், 38 பாகை ரேடியேட்டர் தொடுவதற்கு உயிரற்றதைப் போலத்தான் இருக்கும். சுவரில் இருந்த வெப்பமானியைக் காட்டினேன், 21 என்றிருந்தது. “அறை கணகணப்பாய்த்தான் இருக்கு” என்று அவரும் ஒப்புக்கொண்டார், ஆனால் கை ரேடியேட்டரை விட்டு அகலவில்லை. நம் குடும்பங்கள் பலவற்றில் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் மட்டும் ஹீட்டிங்கைப் போட்டுவிட்டு அணைத்துவிடும் வழக்கம் உண்டு. சிக்கனம் கருதிய அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். 75 பாகை ரேடியேட்டருக்கு அது ஓரளவு பொருந்தவும் செய்யும். தாழ்ந்த வெப்பநிலையில் இயங்கும் ஏற்பாடு வேறுவிதமானது. அது மெதுவாக, நீண்ட நேரம், வெளிக்காற்றின் குளிருக்கு ஏற்பத் தன்னைக் கூட்டியும் குறைத்தும் ஓட வேண்டும். அணைத்து அணைத்துப் போட்டால், குளிர்ந்துபோன சுவர்களை அவசரமாகச் சூடாக்குவதற்காக அது உயர்ந்த வெப்பநிலைக்கு ஏறும். மிச்சம் பிடிக்க நினைத்ததே செலவாகிவிடும்.

குளிக்கும் வெந்நீர் இன்னொரு முடிச்சு. தொட்டியில் தேக்கி வைக்கும் நீரில் நுரையீரல் நோய் தரும் லெஜியோனெல்லா கிருமி வளராதிருக்க அதை 60 பாகையில் வைத்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. அறைக்கு 40 பாகை போதும் என்ற வீட்டிலும் இந்தத் தேவை மட்டும் வெப்பநிலையை மேலே இழுக்கிறது. நீரைத் தேக்காமல், குழாயைத் திறக்கும்போது மட்டும் வெப்பப் பரிமாற்றி வழியாகச் சூடாக்கினால், 55 பாகை வலையமைப்பிலும் குளிக்கப் போதிய வெந்நீர் கிடைக்கும். அடுக்குமாடிகளில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அலமாரிக்குள் பொருத்தப்படும் பெட்டி இந்த வேலையைத்தான் செய்கிறது. அந்த அடுக்குமாடிகளில் வசிப்பவர்களுக்குத் தெரிந்த துன்பம் வேறொன்று: ஆகஸ்ட் மாதத்திலும் கட்டடத்துக்குள் இருக்கும் நடைபாதையில் மூச்சுமுட்டும் வெக்கை. குழாய்களில் ஆண்டு முழுவதும் 70, 80 பாகை நீர் ஓடுவதும், அவற்றின் உறை சரியாகப் போர்த்தப்படாததும்தான் காரணம். அங்கே கசிவது குடியிருப்போர் பணம் கொடுத்து வாங்கிய வெப்பம். குழாயின் வெப்பநிலையைக் குறைத்தால் அந்தக் கசிவும் உடனே குறையும்.

மேற்கு லண்டனில் இப்போது இதை நினைத்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. ஹில்லிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோ பகுதிகளில் கணினி மையங்கள் வாங்கிக்கொண்ட மின்சாரத்தால், புதிய வீடுகளுக்கு மின் இணைப்புக் கிடைப்பதே சிக்கலாகும் அளவுக்குப் போனதை 2022இல் பார்த்தோம். அந்த மையங்கள் வாங்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் 25, 30 பாகை வெப்பமாகக் கூரை வழியே வெளியேறுகிறது. ஓல்ட் ஓக், பார்க் ராயல் பகுதியில் அதைக் குழாய்களில் எடுத்து வீடுகளுக்குக் கொடுக்கும் திட்டத்துக்கு 2023இல் அரசு 36 மில்லியன் பவுண்டு ஒதுக்கியது. அங்கே எழும்பும் அடுக்குமாடிகளின் உட்குழாய்களை 50, 55 பாகைக்கு அமைப்பார்களா, பழக்கத்தால் மீண்டும் 75க்கு அமைப்பார்களா என்பதே இனி அந்தத் திட்டத்தின் ஐம்பது ஆண்டு மின்செலவை முடிவு செய்யும். குழாய் போட்டுச் சுவரை மூடிய பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம் என்பதால், வீடு வாங்க முன்பதிவு செய்பவர்கள் விற்பனை அலுவலகத்தில் சமையலறைக் கல்லின் நிறத்தைக் கேட்பதோடு, ரேடியேட்டருக்கு எத்தனை பாகையில் நீர் வரும் என்றும் கேட்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

சொந்த வீட்டில் எரிவாயு பாய்லர் வைத்திருப்பவர்களும் ஹீட் பம்ப் வாங்கும் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. இக்காலத்துப் பாய்லர்கள் புகையிலுள்ள நீராவியை நீராகக் குளிரவைத்து, அதன் வெப்பத்தையும் மீட்கும் வகையில் செய்யப்பட்டவை. ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 54 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். தொட்டி இல்லாத காம்பி பாய்லர் என்றால், ரேடியேட்டர் படம் போட்ட திருகை 55க்குக் குறைத்துவிடலாம். குளிநீருக்கான குழாய்ப் படத் திருகைத் தொட வேண்டாம். வெந்நீர்த் தொட்டி இருக்கும் வீட்டில் கிருமியின் காரணமாக இப்படிக் குறைக்கக் கூடாது. அங்கே தொட்டியையும் ரேடியேட்டரையும் தனித்தனி வெப்பநிலையில் இயக்க முடியுமா என்று பதிவுபெற்ற எரிவாயுப் பொறியாளரிடம் கேட்க வேண்டும். திருகைக் குறைத்தபின், வெளியே உறைபனி விழும் ஒரு வாரத்தில், எந்த அறை இருபது பாகையை எட்டாமல் நிற்கிறது என்று சிறிய வெப்பமானி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வடக்குப் பார்த்த படுக்கையறையோ பின்னால் சேர்த்துக் கட்டிய அறையோதான் அப்படி நிற்கும். முதலில் மாற்ற வேண்டியது அந்த அறையின் ரேடியேட்டரை. மற்றவை அப்படியே இருக்கலாம்.